நான்கு நிமிடம் முந்திய வானொலி

எங்கள் கல்லூரி வானொலியின் சுவர்க் கடிகாரத்தை நான்கு நிமிடம் முன்னால் தள்ளி வைத்தது நான்தான். மாணவர்கள் தாமதமாக வருகிறார்கள் என்பதுதான் காரணம். காலை ஒலிபரப்பு ஆறு மணிக்கு. விடுதியிலிருந்து வரும் பிள்ளைகள் ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கண்ணைத் தேய்த்துக்கொண்டு படியேறுவார்கள். ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்பினேன். பிறகு ஒலிபரப்புக் கணினியின் நேரமும் அதோடு ஒத்துப்போக வேண்டுமே என்று அதையும் நான்கு நிமிடம் முன்னால் வைத்தேன். இரண்டு கடிகாரம் இரண்டு நேரம் காட்டினால் எனக்குப் பொறுக்காது. அந்தக் கணினிக்கு இணைய இணைப்பு கிடையாது. அதனால் அது தானாகத் திருந்தவும் வழியில்லை.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் ஊருக்கு நேரம் சொல்லப் போகிறார்கள்.

கல்லூரி, பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் இருக்கிறது. நான் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் உதவியாளர். இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுந்த நேரம், தண்ணீர் வந்த நேரம், பேருந்து வந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். வானொலி தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்ற பேராசிரியர், ஆய்வகப் பதிவேட்டில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, ஒலிபரப்புப் பதிவேட்டை என்னிடம் கொடுத்தார். எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது என்று ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். ஒலிபரப்பான எல்லாவற்றையும் மூன்று மாதம் பதிவாக வைத்திருந்து பிறகு அழிக்க வேண்டும். என்னைப் போன்ற ஒருத்திக்கு இதைவிட நல்ல வேலை அமையாது. காலை நேரத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் மாடிக்கு மேல் ஒலிபரப்புக் கோபுரம் ஏறிய அன்று பேராசிரியர் ஒரு சிறிய ரேடியோவை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் ஸ்டுடியோவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். அவர் போகிற இடத்திலிருந்தெல்லாம் போன் செய்து கேட்கிறது, கேட்கிறது என்றார். ஒரு பக்கம் திருமழிசை தொழிற்பேட்டை தாண்டி வயல் தொடங்கும் இடத்தில் குரல் கரகரத்தது. மறுபக்கம் திருநின்றவூர் ஏரிக்கரை வரை போனது. அன்று நான் எண்ணியது நாலாயிரத்துச் சொச்சம். அவர் திரும்பி வந்ததும், எண்களை வைத்தே ஒரு நிகழ்ச்சி செய்துவிட்டீர்கள் மேடம் என்றார்.

முதல் வாரம் யாரும் கூப்பிடவில்லை. இரண்டாம் வாரம் பருத்திப்பட்டில் முடி வெட்டும் ஒருவர் கூப்பிட்டு, நேற்று பாதியில் நிறுத்திய பாட்டை முழுசாகப் போட முடியுமா என்று கேட்டார். அறையிலிருந்த எட்டுப் பேரும் கை தட்டினார்கள். அப்புறம் அடுக்குமாடிக் குடியிருப்புக் காவலாளிகள், தையல்கடைக்காரர்கள், ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். செய்தி சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு வரும், எங்கே மின்தடை, எங்கே கண் மருத்துவ முகாம் என்று சொல்வோம். பழமொழி, சமையல், பாட்டு. ஏழேகாலை ஒட்டி ஒரு மாணவி நேயர் கடிதங்களை நேரடியாகப் படிப்பாள். ஒரு காலத்தில் வானொலியில் சேர மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். குரல் தேர்வு வைக்க வேண்டியிருந்தது.

வரிசை தேய்ந்தது எனக்குத் தெரிந்தே நடந்தது. பிள்ளைகள் கையிலிருந்த போனிலேயே பேசி, படம் பிடித்து, ஊருக்கெல்லாம் அனுப்பத் தொடங்கினார்கள். பத்துக் கிலோமீட்டருக்குள் பேசுவதில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? கடைசி இரண்டு ஆண்டுகளில் காலைக்கு மூன்று பேர் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருத்திதான் கடிதம் படிப்பவள்.

அந்தச் சமயத்தில்தான் கடிகாரத்தின் பேட்டரி தீர்ந்தது. புதிது போட்டு, வழக்கம்போல் கணினியைப் பார்த்து வைக்காமல், என் போனைப் பார்த்து நேரம் வைத்தேன். கணினியைப் பார்த்தால் நான்கு நிமிட வித்தியாசம். ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு ஸ்டூலில் நின்றபடியே எல்லாம் நினைவுக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் அடிக்கோடிட்டு எழுதிய அத்தனை நேரமும் தவறு. பதிவேடுகள் அலமாரியில் வரிசையாக நின்றன. பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, உரிமம் புதுப்பிக்கும் நேரம் வருகிறது, இனியாவது சரியாக இருக்கட்டும் என்றார். அன்றைய பக்கத்தில் சிவப்பு மையால் விவரம் எழுதி, கையெழுத்திட்டு, கணினியையும் திருத்தினேன்.

மூன்றாம் நாள் காலை எட்டேகாலுக்கு ஒரு பெண் போன் செய்தார். பின்னால் இயந்திரங்களின் சத்தம்.

"மேடம், ரெண்டு நாளா உங்க டைமு கெட்டுப்போய்கீது."

இப்போதுதான் அது சரியாகியிருக்கிறது என்று விளக்கினேன்.

"சரியாவாத இருந்தப்போ எனக்கு ரயிலு கெடச்சுது மேடம்."

அவர் திருநின்றவூரில் ஏரிப் பக்கம் வாடகை வீட்டில் இருப்பவர். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், ஐந்து மணிக்கே போய்விடுவார். ஒரே பெண் ஆறாம் வகுப்பு. இவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் இடத்தில் ஒப்பந்த வேலை. எட்டு மணிக்குள் வருகைப்பதிவு இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டும். ஏழு பன்னிரண்டு ரயிலைப் பிடித்தால் எட்டுக்கு ஏழெட்டு நிமிடம் முன்னால் போய்விடலாம். அதை விட்டால் அடுத்த ரயில் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது எட்டு பத்து. அந்த வருடம் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகச் சொல்லி ஆறு மாதம் கெடு வைத்திருந்தார்கள். அதற்குள் மூன்று முறை தாமதமானால் பட்டியலில் பெயர் வராது. ஒன்பது வருடமாக அந்தப் பட்டியலுக்காகக் காத்திருப்பவர் அவர். கெடு தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நான் கடிகாரத்தைத் திருத்திய இரண்டு நாளில் இரண்டு தாமதம் விழுந்துவிட்டது.

அவருடைய காலை முழுவதும் எங்கள் நிகழ்ச்சி வரிசையில் ஓடியது. தொடக்க இசைக்கு அடுப்பு. பழமொழிக்கு இட்லித் தட்டு. சமையல் குறிப்புக்குப் பெண்ணை எழுப்புவது. முதல் பாட்டுக்குப் பின்னல், இரண்டாவது பாட்டுக்கு டிபன் பை. அந்தப் பாட்டு முடிந்து நேரம் சொன்னதும் வாசலில் செருப்பு. அங்கிருந்து ஸ்டேஷன் பதினைந்து நிமிட நடை. இதெல்லாம் நான்கு நிமிடம் முந்திய கடிகாரத்துக்கு ஏற்ப அமைந்த காலை. போனில் அலாரம் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். ஐந்து அலாரம் எப்படி வைப்பது என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

"வச்சுப் பாத்தேன் மேடம். அது திட்ற மாதிரி கீது. பாட்டுன்னா முடியப்போவுதுன்னு முன்னாடியே தெரியும்ல. கையி தானா வேகமாவும்."

அன்று மாலை நிகழ்ச்சி அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொய் நேரம் சொல்ல இனி முடியாது. நிகழ்ச்சிகளை முன்னால் நகர்த்தலாம். ஆறு மணி ஒலிபரப்பு ஐந்து ஐம்பத்தாறுக்கு. ஆறேகால் பழமொழி ஆறு பதினொன்றுக்கு. நேரம் சொல்வது ஆறு ஐம்பத்து நான்குக்கு. எழுதும்போதே கை கூசியது. பேராசிரியர் வாங்கிப் பார்த்தார்.

"என்ன மேடம், ரயில் அட்டவணை மாதிரி இருக்கு?"

ரயிலுக்காகத்தான் சார் என்று நடந்ததைச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். விடுதிப் பிள்ளைகளுக்கும் விஷயம் தெரிந்தது. கடிதம் படிக்கும் மாணவி, அந்த அக்காவை ரயில் ஏற்றிவிடும் வரை நான் லேட்டாக வர மாட்டேன் என்றாள். பெரும்பாலும் காப்பாற்றினாள்.

ரயில் கிடைக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஏறினால் ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன். எடுக்க மாட்டேன், ஒரு மணி போதும். ஸ்டுடியோ போனில் மணி கிடையாது. மைக் திறந்திருக்கும்போது ஒலிக்கக் கூடாது என்று, மணிக்குப் பதில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்படி நானே ஒரு ரிலே ஸ்விட்ச் வைத்துக் கொடுத்திருந்தேன். விளக்கு எரியும்போது ரிலே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் போடும். அதை மாற்றச் சொல்லிப் பேராசிரியர் பல முறை சொல்லியிருந்தார். மாற்றவில்லை. மறுநாள் ஏழு பதின்மூன்றுக்கு விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்தது. கடிதம் படித்துக்கொண்டிருந்த மாணவி என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். பதிவேட்டில் இதற்கு இடமில்லை. என் நாட்குறிப்பில் '7.13' என்று எழுதினேன். அதன் பிறகு வேலை நாள்தோறும் அந்த எண்ணை எழுதினேன்.

நான்கு மாதம் இப்படிப் போனது. வாரத்துக்கு ஒரு தரம் பேசுவார். மேடம் என்பது எப்போதோ அக்கா ஆகியிருந்தது.

பிறகு ஒரு நாள் பேராசிரியர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நிர்வாகம் உரிமத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை. ஒலிபரப்புக் கருவி பழையதாகிவிட்டது, மாணவர்களும் இல்லை, அறை வேறொரு பிரிவுக்கு வேண்டும். அவர்கள் சொன்னதில் எதையும் என்னால் பொய் என்று சொல்ல முடியவில்லை. நான் தேதியை மட்டும் கேட்டேன். அவர் சொன்னார். அந்த அம்மாவின் கெடு முடிய அதற்குப் பிறகும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரம் நீட்டிக்க முடியுமா என்றேன். உரிமம் முடிந்த மறுநாள் ஒரு நிமிடம் ஒலிபரப்பினாலும் குற்றம் என்றார். அந்த மேசைக்குப் பின்னால் அவருடைய ஸ்கூட்டர் ரேடியோ அப்படியே இருந்தது.

அன்று முதல் முறையாக நானே அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். வானொலி நிற்கப்போகும் தேதியைச் சொன்னேன். எல்லாருக்கும் வேலை போயிடுமா அக்கா என்று எங்களுக்காகக் கேட்டார். இல்லை, ஆய்வகம் இருக்கிறது என்றேன். இன்னும் ஒரே ஒரு லேட் மார்க்தான் மிச்சம் என்று நான் ஆரம்பித்ததும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், பெண்ணுக்குத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றார். எனக்குப் புரியவில்லை.

"நான் போனப்புறம் அது ரேடியோவாண்டயே ஒக்காந்துனு கீது. ஏறுனதும் ஒங்களுக்கு மிஸ்டு கால் குடுக்கறது அதுக்குத் தெரியும். ஏழு பதிமூணுக்கு அந்தப் பொண்ணு லெட்டர் படிக்கறப்போ 'டிக்'குனு ஒரு சத்தம் வருதாம். அம்மா ஏறிட்டான்னு அப்புறந்தான் சாப்டுது."

எங்கள் பதிவில் குறை என்று பேராசிரியர் சொன்ன சத்தம், எட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஒரு குழந்தையின் தட்டில் போய் விழுந்துகொண்டிருந்தது. அவரிடம் என்ன ரேடியோ என்று கேட்டேன். பென்டிரைவ் சொருகும் துளை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருந்தது.

மூன்று மாதக் காலை ஒலிபரப்புகள் கணினியில் இருந்தன. நான்கு நாள் மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஏழு பதின்மூன்றைத் தேடிக் கேட்டேன். பெரும்பாலும் 'டிக்' பேச்சுக்கு அடியில் மூழ்கியிருந்தது. பதினோரு நாளில் மட்டும் தெளிவாகக் கேட்டது. அவற்றில் ஒன்றில் பொங்கல் வாழ்த்து. இரண்டில் மழை வரும், குடை எடுத்துப் போங்கள் என்று அறிவிப்பு. ஒன்றில் மாணவிக்கு இருமல். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அதில் அவள் ஒரு கடிதத்தை முடித்து மூச்சு விட்டாள். அந்த இடைவெளியில் 'டிக்', சுத்தமாக. 'இன்று செவ்வாய்க்கிழமை' என்பதை வெட்டிவிடட்டுமா என்று போனில் கேட்டேன். இருக்கட்டும் அக்கா, வெட்டினால் வேறு ஏதாவது மாறிவிடும் என்றார்.

கடைசி ஒலிபரப்புக்கு முந்தைய நாள் மாலை ஆவடி ஸ்டேஷனில் நின்றேன். அவர் வேலை முடிந்து வரும் ரயில் அங்கே அரை நிமிடம் நிற்கும். மஞ்சள் டிபன் பை வைத்திருப்பேன் என்று சொல்லியிருந்தார். பெண்கள் பெட்டி வாசலில் அந்தப் பை தெரிந்தது. அதைப் பிடித்திருந்தவர் நான் நினைத்ததைவிட ஒல்லி, நான் நினைத்ததைவிட உயரம். பென்டிரைவைக் கையில் கொடுத்து, ஐந்து ஐம்பத்தாறுக்குச் சரியாக அமுக்க வேண்டும், ஒரு நிமிடம் பிந்தினாலும் எல்லாம் பிந்தும் என்று அவசரமாகச் சொன்னேன். அதற்கு மட்டும் ஒரு அலாரம் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ரயில் நகர்ந்தது. முதல் சந்திப்பில் நான் அவ்வளவுதான் பேசினேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்து எழுதும்போதுதான் தெரிந்தது.

கடைசிக் காலை வழக்கம்போலவே நடந்தது. ஏழு பதின்மூன்றுக்கு விளக்கு எரிந்தது. மாணவி கட்டை விரலைத் தூக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். ஒலிபரப்பை முடித்து நேரத்தை எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டேன்.

மறு வேலை நாளிலிருந்து மிஸ்டு கால் என் போனுக்கு வந்தது. கெடு முடிய பதினெட்டு வேலை நாள். பதினெட்டுக் கட்டம் போட்டு வைத்து, ஒவ்வொன்றாக நிரப்பினேன். நடுவில் ஒரு நாள் பேசினார். அவர்கள் வீட்டில் தினமும் செவ்வாய்க்கிழமை என்றார். ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் பெண் அதைப் போட்டு வைத்திருக்கிறாள். கணவர் கறி வாங்கி வந்தால், ரேடியோவே செவ்வாய்க்கிழமைன்னு சொல்லுது, எங்கம்மா ஆக்க மாட்டாங்க என்று அப்பாவைக் கேலி செய்கிறாளாம்.

பதினொன்றாம் நாள் ஏழு பதின்மூன்றுக்கு மணி வரவில்லை. ஏழு பதினைந்து. ஏழு இருபது. நான் கூப்பிடவில்லை. ஓடிக்கொண்டிருந்தால் எடுக்க நின்றுவிடுவாரோ என்று பயம். எட்டு மணி ஆனது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை எட்டு ஐந்துக்குத்தான் பார்த்தேன். அப்போது போன் அடித்தது.

"ரயிலே எட்டு நிமிசம் லேட்டுக்கா. ஸ்டேசன்லேர்ந்து ஓட்டமா ஓடுனேன். ஏழு அம்பத்தொம்போதுக்குக் கைய வச்சுட்டேன்."

அப்போதே ஏன் கூப்பிடவில்லை என்றேன். ஏழு பதின்மூன்று தாண்டிவிட்டது, அதற்கப்புறம் அடித்தால் நீங்கள் பயப்படுவீர்கள் என்று விட்டுவிட்டேன் என்றார். இத்தனை நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு இன்னொன்று தோன்றியது. அவர் பிளாட்பாரத்தில் தண்டவாளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், வீட்டில் 'டிக்' கேட்டிருக்கிறது. பெண் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் பள்ளிக்குப் போயிருக்கிறாள். என் பதிவு எட்டு நிமிடம் பொய் சொல்லியிருக்கிறது. அதைச் சிவப்பு மையில் எழுதலாமா என்று பேனாவை எடுத்துவிட்டு, வைத்துவிட்டேன்.

பதினெட்டுக் கட்டமும் நிறைந்தன. பட்டியலில் அவர் பெயர் வந்தது. அன்று மாலை வேலை இடத்திலிருந்தே கூப்பிட்டு, இரண்டு முறை அக்கா, அக்கா என்றார். நானும் அப்படித்தான் ஏதோ சொன்னேன்.

நிரந்தரமானவர்களுக்குக் கம்பெனி பேருந்து உண்டு. மறு வாரம் முதல் அது வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் இருக்கும் சாலைக்கே வரும், ஏழு மணிக்கு. அதே ஆறு ஐம்பத்து நான்குக்கு அவர் செருப்பைப் போட்டால் போதும். இதையெல்லாம் இரவு வீட்டிலிருந்து மறுபடி கூப்பிட்டுச் சொன்னபோது, நடுவில் பெண் போனை வாங்கினாள். அதுவரை அவள் என்னோடு பேசியதில்லை.

"ஆன்ட்டி, அம்மா ஏழு மணிக்கே ஏறிடுவாங்க. ஆனா டிக் பதிமூணுக்குத்தானே வரும்?"

ஆமாம் என்றேன். அப்புறம் எப்படிச் சாப்பிடுவது என்ற கேள்வியை அவள் கேட்கவில்லை. ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையின் ஒரு பிரதி என்னிடம் இருந்தது. ஞாயிறு மதியம் ஆய்வகக் கணினியில் அதைத் திறந்தேன். ஏழு பதின்மூன்றிலிருந்து அந்த 'டிக்'கை மட்டும் வெட்டி எடுத்தேன். திரையில் பார்த்தால் அரை விரல் அகலம்கூட இல்லை. ஏழு மணிக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்து அடுத்த குரல் வருவதற்குள் இருந்த சிறு மௌனத்தில், ஏழு மணி பத்தாவது நொடியில், அதை வைத்தேன். மூன்று முறை கேட்டுப் பார்த்தேன். இத்தனை ஆண்டில் நான் மாற்றி எழுதிய ஒரே பதிவு அதுதான். நாட்குறிப்பில், இருந்த இடம் 7.13, வைத்த இடம் 7.00 என்று குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மாலை பழைய ரயில் நேரத்துக்கே ஆவடி ஸ்டேஷனுக்குப் போனேன். பேருந்து இருந்தும் அன்று ஒரு நாள் அவர் ரயிலில் வருவதாகச் சொல்லியிருந்தார். பெண்கள் பெட்டி வாசலில் மஞ்சள் பை தெரிந்தது. இந்த முறை மறக்காமல் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் புதிய பென்டிரைவைக் கொடுத்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு என் போன் ஒரு முறை அடித்து நின்றது. அன்று உண்மையிலேயே செவ்வாய்க்கிழமை.